தேசம்மாக்கா இறங்கிய சறுக்கு

தேசம்மாக்கா இறந்த செய்தியை அவர் மகள் மோனிஷாதான் எனக்குச் சொன்னாள். கடையில் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். "ஆன்ட்டி, அம்மா பூட்டாங்க" என்றாள் போனில். துணியை அப்படியே போட்டுவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு, பாலத்தைத் தாண்டி அவர்களுடைய மீனவக் குப்பத்துக்குப் போனேன். சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து உடல் இன்னும் வந்து சேரவில்லை. பேனர் வந்துவிட்டிருந்தது.

கோயிலுக்குத் திரும்பும் முனையில் கட்டியிருந்தார்கள். மேலே 'ஊருக்கு உழைத்த உத்தமி' என்று பெரிய எழுத்து. கீழே ஊர்ப் பெரியவர்களின் தலைகள் வரிசையாக. நடுவில் அக்கா, பச்சைப் பட்டுப் புடவையில், வாய்விட்டுச் சிரிக்கிறார். நான் தையல்காரி. ஒரு தோளில் முந்தானை எப்படி உட்காரும் என்று எனக்குத் தெரியும். அது அக்காவின் தோள் இல்லை. யாரோ ஒரு விளம்பரப் பெண்ணின் உடம்பில் அக்காவின் தலையை எடுத்து ஒட்டியிருந்தார்கள். நெற்றியில் ஒட்டிக்கிடந்த ஈர முடியை மட்டும் ஃப்ளெக்ஸ் கடைக்காரரால் அழிக்க முடியவில்லை போலிருக்கிறது.

அந்தச் சிரிப்பு எங்கே எடுத்தது என்று பேனர் கட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்காகவும், தெரிந்தும் தெரியாத மாதிரி நிற்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் படத்திறப்பாம். என்னைப் பேசக் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டார்கள்.

எனக்குச் சொந்த ஊர் திருப்பாலைவனம். நெல் விளைகிற ஊர். கல்யாணமாகிப் பழவேற்காடு வந்து, கடைத்தெருவில் ஒரு மெஷினைப் போட்டு உட்கார்ந்தேன். அக்கா மீன் கூடையோடு வந்துதான் பழக்கம். முதல் தடவை வந்தபோதே ஜாக்கெட்டுக்கு உள்பக்கம் பாக்கெட் வைத்துத் தரச் சொன்னார். செல்போன் வைக்க வேண்டும், மீன் ஏலத்தில் இரண்டு கையும் வேண்டும் என்றார். அது நன்றாக அமைந்துபோனதில் அந்தக் குப்பத்துப் பெண்கள் எல்லாருமே பாக்கெட் வைத்த ஜாக்கெட் கேட்டு வர ஆரம்பித்தார்கள். அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர்களை அக்கா விடமாட்டார். "மூச்ச புடிச்சினு அளவு குடுத்தா, போட்டுக்கறப்போ மூச்சு வுட எடம் இருக்காதுடி" என்பார். நான் யாருக்கு அளவெடுத்தாலும் அதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன்.

அவர் கணவர் ஏரியில் தொழில் செய்தவர். ஒரு நாள் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பொன்னேரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அவரோடு சேர்த்து வீட்டின் பாடும் போனது.

பாடு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை இறக்க முடியாது. இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். அதனால் ஊர் கூடி, கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் எந்த நாள் எந்த இடத்தில் இறங்குவது என்று முறை பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பேர்தான் பாடு. சண்டை வராமல் இருக்கப் பெரியவர்கள் கண்ட நல்ல வழிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சீட்டில் எழுதுவது கல்யாணமான ஆம்பிளைகளின் பேரைத்தான். புருஷன் செத்தால் பிள்ளை பேருக்கு மாறும். பிள்ளை இல்லாமல் பெண் மட்டும் இருந்தால் அந்த வீட்டுப் பேரைச் சீட்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

அக்கா தன் பேரில் பாடு கேட்டார். கொழுந்தன் வலை இறக்குவதாகச் சொல்லியிருந்தார். படகு தள்ள அக்காவுக்கே தெரியும். மோனிஷா அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. அவளைக் காலேஜில் சேர்க்க வேண்டும், அதற்கு ஏரியில் ஒரு முறை வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. ஊரில் நாட்டார்தான் கூட்டத்துக்குத் தலைமை. நாள் கடத்திக் கடத்தி, கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் நானும் சேர்ந்திருந்த மகளிர் குழுவின் டூர் வந்து வாய்த்தது.

ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது கோயிலுக்குப் போய்வருவது வழக்கம். அந்த வருஷம் அக்காதான் மாற்றினார். "வருசா வருசம் சாமிய போய் பாக்கறோம். நம்மளப் பாத்துப் பாத்து சாமிக்கே அலுத்துப் பூட்டிருக்கும். வேற எங்கனா போலாம்" என்றார். இளசுகள் உடனே வாட்டர் பார்க் என்று கத்தின. நாட்டார் காதுக்குப் போனபோது, "தண்ணியிலயே கெடக்கறவளுங்க, தண்ணிய பாக்க டிக்கட்டு எடுத்துக்கினு போறாளுங்க" என்று டீக்கடையில் சிரித்தாராம். ஆனால் தடுக்கவில்லை. அவர் மனைவியும் வேனில் ஏறியிருந்தார் அல்லவா. நாங்கள் அவரை நாட்டாரம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

வேன் நெடுஞ்சாலையில் ஏறியதும் ஒரு பெண் அந்தப் பூங்காவில் இருக்கும் ஒரு சறுக்கைப் போனில் காட்டினாள். பனைமரம் உயரத்திலிருந்து சுவர் மாதிரி நேராகக் கீழே விழுகிறது. பார்த்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். நீ போ, நீ போ என்று ஒரே கூச்சல். நாட்டாரம்மா கையைத் தட்டினார். "இன்னாத்துக்குடி சண்ட? நாமளும் பாடு போட்டுடலாம். யார் பேரு வுழுதோ அவ எறங்கட்டும்" என்றார்.

மிக்சர் பொட்டலத்தைக் கிழித்துச் சீட்டாக்கினோம். பேனா என்னிடம் இருந்ததால் பேர் எழுதியது நான். தேசம்மா என்று எழுதிய சீட்டை அக்கா என் கையிலிருந்து வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, தானே மடித்து டம்ளரில் போட்டார். புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒன்றை எடுத்தாள். தேசம்மா என்று வந்தது. வேனே அதிர்ந்தது. "ஊர் சீட்டுலதான் என் பேர எழுத மாட்டேன்றீங்க. மிச்சர் பேப்பர்லயாவது எழுதுனீங்களே" என்று அக்கா நாட்டாரம்மாவைப் பார்த்துச் சொன்னார். நாட்டாரம்மாவும் சேர்ந்துதான் சிரித்தார்.

பூங்காவில் புடவையோடு சறுக்கு ஏறவிடமாட்டார்கள். வாடகைக்கு ஒரு நைலான் சட்டையும் பேன்ட்டும் கொடுத்தார்கள். அக்காவுக்கு வந்த பேன்ட்டில் தொடைப்பக்கம் தையல் விட்டிருந்தது. என் பையில் எப்போதும் ஊக்கு இருக்கும். குத்திவிட்டேன். ஏறும் இடத்தில் நின்ற காவலாளி பார்த்துவிட்டு ஊக்கெல்லாம் கூடாது என்று கழற்றச் சொன்னார். பக்கத்தில் ஒரு போர்டு. இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளவர்கள் ஏறக்கூடாது என்று எழுதியிருந்தது. நான் வாசித்துக் காட்டினேன். "சக்கரக்காரங்க ஏறக்கூடாதுன்னு போட்டுக்கீதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு அப்போதே சர்க்கரை இருந்தது.

அவரோடு நானும் படி ஏறினேன், துணைக்கு. இரும்புப் படிகள், ஈரம், மேலே போகப் போகக் காற்று. பாதி தூரம் போனதும் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம்."

"தெரியும்."

"கீழே பாரு. எல்லாரும் போனைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கறாங்க. புருஷன் செத்து வருஷம் திரும்பல, அதுக்குள்ள இவ போட்டிருக்கிற துணியைப் பாரு, ஆடற ஆட்டத்தைப் பாருன்னு பேசுவாங்க."

"பேசுவாங்க" என்றார். அப்படியே ஒரு படியில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள். மேலே விசில் கேட்கும், ஓர் அலறல் எங்கள் பக்கத்தில் விழுந்து கீழே போகும், பிறகு தண்ணீர்ச் சத்தம். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு குப்பத்துப் பெண்கள் நின்ற பக்கமே பார்த்தார். அவர் முகத்தில் உயரத்தைப் பார்த்த பயம் எதுவும் இல்லை. முகத்துவாரத்தில் அலை அடிக்கும்போது படகில் நின்றவர் அவர்.

"சரி, வா. எறங்கிடலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. இருவரும் படி இறங்க ஆரம்பித்தோம்.

கீழிருந்து நாட்டாரம்மாவின் குரல் வந்தது. "இன்னா தேசம்மா, முறைய வுட்டுட்டியா? அடுத்த சீட்டு எடுக்கட்டுமா?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். மற்றவர்களும் வேடிக்கையாகத்தான் சிரித்தார்கள். அக்கா நின்றுவிட்டார்.

"டெய்லரம்மா, சீட்டு வுழுந்தவன் அன்னிக்கி வலைய எறக்கலன்னா இன்னா பண்ணுவாங்க தெரியுமா? அந்த சுத்து முடியற வரைக்கும் அவன் கரையிலதான். பேர எடுத்துடுவாங்க. வெள்ளிக்கிழம நான் போய் நின்னு எனக்கும் பாடு குடுங்கன்னு கேக்கணும். இன்னிக்கி வுழுந்த சீட்ட வுட்டுட்டு போயா அத கேக்கறது?"

"இது விளையாட்டுக்கா" என்றேன்.

"அவுங்களுக்கு வெளையாட்டு. எனக்கு இதான் மொத சீட்டு."

சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினார். இந்த முறை நிற்கவேயில்லை. இதைக் கேட்டால் பட்டணத்து ஆட்கள் சிரிப்பார்கள். ஒரு சறுக்கு விளையாட்டையும் ஏரி முறையையும் யாராவது ஒன்றாக நினைப்பார்களா என்பார்கள். அந்தக் குப்பத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு, சீட்டில் வந்த பேருக்குப் பதில் சொல்லாமல் போவது எவ்வளவு பெரிய கேவலம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

உச்சியில் படுக்கச் சொன்னார்கள். கையை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி படுத்தார். பயமா என்று கேட்டேன். "பேசாத, முறை போய்டும்" என்றார். விசில் ஊதினார்கள். நான் குனிந்து பார்ப்பதற்குள் ஆள் இல்லை. எல்லாரும் அலறிய சறுக்கில் அவர் சத்தமே போடவில்லை. தண்ணீர் பிளந்து எழும்பியதுதான் தெரிந்தது. பிறகு அந்த நுரைக்குள்ளிருந்து எழுந்து நின்று சிரித்தார். கணவர் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் படி வழியாக இறங்கி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணியும் இல்ல டெய்லரம்மா. வவுறு மட்டும் மேலயே நின்னுட்ச்சி, இன்னும் எறங்கி வர்ல" என்றார். அன்று சாயங்காலம் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நுரையிலிருந்து எழுந்து நின்று சிரித்தவரை நாட்டாரம்மா போனில் படம் எடுத்திருந்தார். கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை. 'எங்க ஊர் வீராங்கனை' என்று எழுதி, ரோஜாப்பூ படமெல்லாம் போட்டு, சொந்தக்காரர்கள் குரூப்பில் அனுப்பினார். நாங்கள் ஊர் வந்து சேர்வதற்கு முன்பே படம் வந்து சேர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் கூட்டம். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றோம். அக்கா மட்டும் நடுவில் நின்றார். என்ன பேச வேண்டும் என்று என் கடையில் உட்கார்ந்து பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தார். பேசவே விடவில்லை. நாட்டார் தன் போனை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அது கை மாறிக் கை மாறி வரிசை முழுவதும் போனது. ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஊக்கைக் கழற்றிய பேன்ட்டில் தையல் விட்ட தொடைப்பக்கத்தைத்தான் பார்த்திருப்பார்.

"இதான் சோத்துக்கு இல்லன்னு பாடு கேக்கற பொம்பளையா?" என்றார் நாட்டார். "இன்னா துணி இது? இன்னா கூத்து இது? புருசன் செத்த ஈரம் காயல."

வேனில் சீட்டுப் போடச் சொன்ன நாட்டாரம்மா என் பக்கத்தில்தான் நின்றார். அவரைப் பார்த்தேன். கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். அன்று அந்த மரத்தடியில் நின்ற அத்தனை பெண்களும் அந்த வேனில் வந்தவர்கள்தான், ஒருவர் வாயும் திறக்கவில்லை. நான் முன்னால் போனதற்கு, வெளியூர்க்காரி ஊர்க்கூட்டத்தில் பேசக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.

அக்கா திரும்பி மோனிஷாவைப் பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பு ஆயிட்ச்சி நைனா. தெரியாம செஞ்சிட்டன். மன்னிச்சிக்கங்க. பாட மட்டும் குடுங்க."

சறுக்கின் உச்சியில் கண்ணை மூடாத மனுஷி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நாட்டார் தொண்டையைச் செருமினார். "சரி, மன்னிச்சாச்சி. போ. ஆனா பொம்பள பேர்ல பாடு எழுதற வழக்கம் நம்ம ஊர்ல கெடையாது."

மன்னிப்பை வாங்கிக்கொண்டார்கள். பாடு கொடுக்கவில்லை. அந்தப் படம் இல்லாமல் போயிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கு நிச்சயம். அப்படியானால் அந்த மன்னிப்பு எதற்கு வேண்டியிருந்தது? ஒரு விதவை நியாயம் கேட்டு வந்தாள், இல்லையென்று அனுப்பினோம் என்று வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. தப்பு செய்தவள் வந்தாள், மன்னித்து அனுப்பினோம் என்று போனால் நிம்மதியாகச் சாப்பிடலாம். அதற்குத்தான்.

பிறகு அக்கா ஏரியில் கையால் இறால் தடவப் போனார். அந்த வேலையைத் தலைமுறையாகச் செய்துவருகிற குடும்பங்கள் வேறு. பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் தவழ்ந்து தவழ்ந்து, சேற்றில் கை வைத்துத் தேட வேண்டும். படகும் வலையும் வைத்திருக்கிற குப்பத்தில் அதைக் கேவலமாகப் பேசுவார்கள். பேசினார்கள். இறால் தடவுகிற அந்தக் குடும்பத்துப் பெண்கள் மட்டும் அக்காவிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டார்கள். மோனிஷா காலேஜில் சேர்ந்ததும், இன்றுவரை படிப்பதும் அந்தப் பறியில் விழுந்த இறாலில்தான்.

இந்த வருஷம் மழைக்குப் பிறகு சேற்றில் கிடந்த சிப்பி ஓடு அக்காவின் காலைக் கிழித்துவிட்டது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினார். சர்க்கரைப் புண் சும்மா இருக்குமா? கால் கறுத்து, காய்ச்சல் கண்டு, சென்னைக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்திருந்தது. பாதத்தை எடுத்தார்கள். மருத்துவர்கள் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது.

நான் போயிருந்த அன்று நாட்டாரும் ஆப்பிள் பையோடு வந்தார். "ஊரே உனக்காக வேண்டிக்கினு கீது தேசம்மா" என்றார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாட்டார் போன பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னைக்கி நீ அந்தச் சறுக்குல போகாமலே இருந்திருக்கலாம்க்கா" என்றேன்.

படுக்கையில் இருந்தபடியே என்மேல் பாய்ந்தார். "சறுக்குனத பத்தி பேசாத. அது என் முறை. நான் எறங்கனன். அதுக்கு ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்ல." மூச்சு வாங்கியது. "கூட்டத்துல கையெடுத்து கும்புட்டன் பாரு, அதான் என்ன திங்குது. இன்னா தப்புக்கு மன்னிப்பு கேட்டன் டெய்லரம்மா? இன்னி வரிக்கும் எனக்கு தெர்ல. பொண்ணுக்கோசரம் கேட்டுட்டன். அத எப்பிடியாவது திருப்பி வாங்கணும்" என்றார். காய்ச்சலில் பேசுகிறார் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நெற்றி சுடவில்லை. அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

இப்போது ஊரே அவரைப் புகழ்கிறது. மோனிஷாவுக்கு அந்த ஊரிலேயே மாப்பிள்ளை பார்த்துத் தருவதாகப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவளைக் கட்டிக்கொள்பவன் பேரில் பாடு எழுதலாமாம். செத்தவரை எவ்வளவு சுலபமாக மதிக்க முடிகிறது பாருங்கள்.

அக்காவைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவருடையது ஏதாவது இருக்கும், ஒரு பேச்சு, ஒரு சண்டை, ஒரு வாய் மீன் குழம்பு. என்னிடம் இருப்பது அவர் முடிக்காமல் விட்டுப்போன இந்த ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை படத்திறப்புக்கு நான் வருவேன். மோனிஷாவும் என்னோடு வருவாள். மாலை போடுங்கள், பேசுங்கள், எல்லாம் முடியட்டும், காத்திருக்கிறோம். முடிந்ததும், அன்றைக்கு அதே கோயில் முன்னால் தேசம்மாக்கா உங்களிடம் கேட்ட மன்னிப்பை அவர் மகள் கையில் திருப்பிக் கொடுங்கள். அது ஒருநாளும் உங்களுக்குச் சேர வேண்டியதாக இருக்கவில்லை.